உருவமா, தம்மமா? தாய்லாந்தின் சமகாலக் கலையும் பௌத்தமும்

2007ஆம் ஆண்டு தாய்லாந்தின் 53ஆவது தேசியக் கலைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்ற ஓவியத்தில், இரண்டு பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தின் மேல் குனிந்து அதைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் அவர்களுக்குக் காக்கையின் அலகு இருக்கிறது. அனுபோங் சந்தோர்ன் என்ற இளம் ஓவியர், துறவிகள் உடுத்தும் காவித் துணியின் மீதே அதைத் தீட்டியிருந்தார். பதக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று கோரிப் பிக்குகளும் இல்லறத்தாரும் சில்பகோர்ன் பல்கலைக்கழகத்தில் போராடினார்கள். ஆனால் அந்த உவமை ஓவியருடைய கற்பனை அன்று. பாலி மொழியிலுள்ள பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தின் பத்தாம் தொகுதியில் காக்கையைப் பற்றிய ஒரு சிறு சுத்தம், அதாவது புத்தரின் உரை, உண்டு. இரக்கமின்மை, பேராசை, பெருந்தீனி, கூச்சல், பதுக்கல் என்று காக்கைக்குப் பத்துத் தீக்குணங்களை அடுக்கிவிட்டு, கெட்ட பிக்குவுக்கும் இதே பத்தும் பொருந்தும் என்று புத்தரே அதில் சொல்கிறார். ஆக, புத்தர் சொன்னதைப் படமாக வரைந்தவர்மீது புத்தருடைய பெயரால் புகார் எழுந்தது.

இந்த முரண் தற்செயலானது அன்று. தாய்லாந்தில் பௌத்தம் என்ற ஒரே பெயருக்குள் நெடுங்காலமாக இரண்டு ஓட்டங்கள் இருந்துவருகின்றன. ஒன்று, புத்தருடைய திருவுருவத்தையும் பிக்குகளின் சங்கத்தையும் அரசையும் சுற்றி அமைந்தது; தானம் செய்து புண்ணியம் சேர்ப்பதும் உருவத்தைப் பொன்னால் பொதிவதும் அதன் வழிகள். மற்றொன்று, தியானத்தையும் நிலையாமையின் மீதான சிந்தனையையும் மையமாகக் கொண்டது. உருவத்தை அது விலக்குவதில்லை, ஆனால் பெரிதாகப் பொருட்படுத்துவதும் இல்லை. ‘பௌத்தத்தால் உந்தப்பட்ட கலை’ என்று பொதுவாகச் சொல்லும்போது இவற்றுள் எதைக் குறிக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் தாய்லாந்தின் கடந்த ஐம்பதாண்டுக் கலை நமக்குப் பிடிபடாது. என் கணிப்பில் அதன் மிக வலுவான படைப்புகள் இரண்டாவது ஓட்டத்திலிருந்தே வந்தன. பூசல்களோ பெரும்பாலும் முதல் ஓட்டத்தின் எல்லைக் கற்களில் இடறியே மூண்டன.

சியாம் என்று அழைக்கப்பட்ட பழைய தாய்லாந்தில் ஓவியன் என்பவன் விகாரைச் சுவரில் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளையும், தன்னை மயக்க வந்த மாரனைப் புத்தர் வென்ற காட்சியையும் வரைந்தவன். பெயரைப் பொறிக்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. தனிக் கலைஞன் என்ற நவீனக் கருத்தை அங்கே நிறுவனமாக்கியவர் ஓர் இத்தாலியர். புளோரன்சைச் சேர்ந்த சிற்பி கொர்ராதோ பெரோச்சி 1923இல் அரசுப் பணிக்காகப் பாங்காக் வந்து, பிற்காலத்தில் சில்பா பீரஸ்ரீ என்ற தாய்லாந்துப் பெயரை ஏற்றார். அவர் வளர்த்த கலைப் பள்ளி 1943இல் சில்பகோர்ன் பல்கலைக்கழகமானது. 1949இல் தேசியக் கலைக் கண்காட்சி தொடங்கியது. பாங்காக்குக்கு அருகே புத்தமொந்தொன் திடலில் நிற்கும் 15.87 மீட்டர் உயர நடக்கும் புத்தரின் வடிவமைப்பும் அவருடையதே. விகாரைக்கு வெளியே கலைக்கென்று ஓரிடம் உருவானது இப்படித்தான்.

கருத்துலகில் நடந்த மாற்றம் இதைவிட முக்கியமானது. அது தலைநகரிலிருந்து வெகுதூரத்தில், தெற்கே சூரத் தானி மாநிலத்துச் சாய்யாவில் தொடங்கியது. சாய்யா, ஸ்ரீவிஜயப் பேரரசின் முக்கிய நகரங்களுள் ஒன்றாக விளங்கிய ஊர். இராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையை எழுப்பிய அதே அரசமரபின் நிலம். அங்கே 1932இல் சுவான் மோக் என்ற வனத் துறவிமடத்தை நிறுவியவர் புத்ததாச பிக்கு (1906–1993). சடங்கையும் நிமித்தம் பார்ப்பதையும் அடுத்த பிறவிக்கான புண்ணியக் கணக்கையும் ஒதுக்கிவிட்டு, ‘நான், எனது’ என்ற பற்று இந்தக் கணத்தில் எழுவதையும் அடங்குவதையும் கவனிப்பதே புத்தர் கற்பித்தது என்று அவர் எளிய தாய்லாந்து மொழியில் பேசினார். பற்றிக்கொள்ளும் விதத்தால் புத்தர், தம்மம், சங்கம் ஆகிய மும்மணிகளே வழியை மறிக்கும் மலையாகிவிடக்கூடும் என்று 1948இல் பாங்காக்கில் அவர் ஆற்றிய உரை பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அவரைப் பொதுவுடைமையாளர் என்று சாடியவர்களும் இருந்தார்கள்.

உருவ வழிபாட்டில் இவ்வளவு ஐயம் கொண்டிருந்தவர் ஓவியத்தைக் கைவிடவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். சுவான் மோக்கில் அவர் ‘ஆன்மிக அரங்கு’ ஒன்றைக் கட்டினார். சாய்யா வட்டாரத்தில் கிடைத்த பழைய தம்ம ஓவியச் சுவடியின் படங்கள், திபெத்திய வாழ்க்கைச் சக்கரம், அமெரிக்கரான எமானுவேல் ஷெர்மன் வரைந்த ஜென் சித்திரங்கள் ஆகிய எல்லாம் அதன் சுவர்களில் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கின்றன. வெளிச்சுவரில் சாஞ்சி, பார்ஹுத் போன்ற தொல்லிந்தியத் தலங்களின் புடைப்புச் சிற்பங்களைப் பிரதியெடுத்துப் பதித்தார். புத்தரை மனித உருவில் காட்டாமல் வெற்று அரியணையாலும் பாதச் சுவடாலும் போதி மரத்தாலும் உணர்த்திய காலத்தின் சிற்பங்கள் அவை. அழகியல் நோக்கில் அந்த அரங்கு ஒரு கதம்பம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும், படம் என்பது வணங்குவதற்குரிய பொருளல்ல, சிந்தனையைக் கிளறும் கருவி என்ற எண்ணத்தை அது நாடறிய நிலைநாட்டியது. பின்வந்த கலைஞர் பலர் அந்த எண்ணத்தை முதலாகக் கொண்டுதான் வேலை செய்தார்கள்.

1970களின் தொடக்கம் கொந்தளிப்பான காலம். ஆம்ஸ்டர்டாமில் பயின்று திரும்பிய தவான் துச்சனீ, விலங்கும் மனிதனும் பௌத்தச் சின்னங்களும் ஒன்றையொன்று விழுங்குவதுபோல் வரைந்தார். 1971இல் பாங்காக்கில் நடந்த அவருடைய கண்காட்சியில் புகுந்த மாணவர்கள் ஓவியங்களைக் கிழித்தெறிந்தார்கள். அதே ஆண்டில், திரைப்பட விளம்பரப் பலகைகள் வரைந்து தானாகவே கற்றுக்கொண்ட பிரதுவாங் எம்ஜரோன் ‘தம்மக் குழு’வை அமைத்தார். 1973 அக்டோபர் 14இல் இராணுவ ஆட்சிக்கெதிரான எழுச்சி இரத்தத்தில் முடிந்தபின் அவர் தீட்டிய ‘தம்மமும் அதம்மமும்’ என்ற பெரிய ஓவியத்தில், குண்டு துளைத்த புத்த முகம் சிதறிக் கிடக்கிறது. அதைப் புத்தர்மீதான தாக்குதலாக எவராலும் வாசிக்க முடியாது. அறத்தின் மீது சுட்டவர்கள் யார் என்ற கேள்வியே அதில் இருக்கிறது. தவானோ பின்னாளில் 2001ஆம் ஆண்டின் தேசியக் கலைஞராக அறிவிக்கப்பட்டார். சியாங் ராயில் அவர் எழுப்பிய ‘கருப்பு வீடு’ இன்று சுற்றுலாத்தலம். கிழிக்கப்பட்ட கலை, காலம் கனிந்தபின் நாட்டின் சொத்தாவது தாய்லாந்துக்கு மட்டும் உரிய கதையல்ல என்றாலும், அங்கே அது சற்று வேகமாகவே நடக்கிறது.

1976இல் மாணவர்கள் கொன்றுகுவிக்கப்பட்டதற்குப் பிந்தைய ஆண்டுகளில் காற்று திசைமாறியது. அரசியல் ஓவியம் பின்வாங்க, ‘தாய்லாந்துத் தன்மை’ முன்னுக்கு வந்தது. பாங்காக் வங்கி 1974இல் தொடங்கிய பூவா லுவாங் போட்டியில் மரபு ஓவியத்துக்கெனத் தனிப் பிரிவே இருந்தது. செழித்துவந்த பொருளாதாரத்தில் வங்கிகளும் விடுதிகளும் பொன்னொளி வீசும் விண்ணுலகக் காட்சிகளை வாங்கிக் குவித்தன. நவ மரபு ஓவியம் என்று அழைக்கப்பட்ட இந்தப் போக்கின் முகங்களாக விளங்கிய சலேர்ம்சாய் கோசித்பிபத்தும் பன்யா விஜிந்தனசார்னும் 1980களில் லண்டன் விம்பிள்டனிலுள்ள புத்தபதீப விகாரையின் சுவர்களை ஒரு குழுவோடு சேர்ந்து தீட்டினார்கள். புத்தரின் வாழ்க்கைக் காட்சிகளுக்கு நடுவே மார்கரெட் தாட்சர் தலைகாட்டுவது அங்கேதான்.

சலேர்ம்சாய் அதோடு நிற்கவில்லை. 1997இல், ஆசிய நிதி நெருக்கடி பாட் நாணயத்தைச் சரித்த அதே ஆண்டில், சொந்த ஊரான சியாங் ராயில் சிதைந்து கிடந்த வாட் ரோங் குன் விகாரையைத் தன் பணத்தில் புதிதாக எழுப்பத் தொடங்கினார். வெள்ளைச் சுதையும் கண்ணாடிச் சில்லுகளும் பளபளக்கும் அந்தக் கோயிலுக்குள் போகும் பாலத்தின் கீழே, ஆசையில் மூழ்கியவர்களின் நூற்றுக்கணக்கான கைகள் மேல்நோக்கி நீள்கின்றன. உள்ளே மாரனுடைய உலகைக் காட்டும் சுவரில் சூப்பர்மேனும் மைக்கேல் ஜாக்சனும் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தகர்ப்பும் இடம்பெறுகின்றன. பத்தாயிரம் பாட்டுக்கு மேல் நன்கொடை ஏற்பதில்லை என்பது அவருடைய விதி. கொடுப்பவர்களின் செல்வாக்குக்குக் கட்டுப்பட அவர் விரும்பவில்லை. 2014 மே மாத நிலநடுக்கம் கட்டடத்தைச் சேதப்படுத்தியபோது கைவிடப்போவதாக முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மனம் மாறினார். இக்கோயிலைக் கேளிக்கைப் பூங்கா என்று ஏளனம் செய்வது எளிது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் விகாரைச் சுவர் தன் காலத்து உலகை உள்ளே அனுமதிப்பது பழைய வழக்கம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் ஐரோப்பியர்களும் நீராவிக் கப்பல்களும் வந்ததைப் போலவே சூப்பர்மேனும் வந்திருக்கிறார். எனக்குள்ள குறை வேறு. அங்கே எல்லாமே முன்கூட்டிச் சொல்லப்பட்டுவிடுகின்றன: நரகம் இது, ஆசை இது, விடுதலை இது. பார்ப்பவர் கண்டுபிடிப்பதற்கென்று எதுவும் மிச்சமில்லை.

அந்த மிச்சத்தையே படைப்பாக்கியவர் மொந்தியன் பூன்மா (1953–2000). சில்பகோர்னிலும் பின்னர் ரோமிலும் பாரிஸிலும் பயின்று, 1980களின் இறுதியில் நாடு திரும்பிச் சியாங் மாயில் கற்பித்த அவர், சாக்குப்பை, எருமைக்கொம்பு, சாம்பல், மண் எனக் கிராமத்தின் பொருட்களைக் கொண்டு வேலையைத் தொடங்கினார். 1992ஆம் ஆண்டின் ‘தாமரை ஒலி’ என்ற படைப்பில், சுடுமண் மணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைந்த சுவர் ஒன்றை எழுப்பியிருக்கிறார். அதற்கு அப்பால் பொன்பூசிய தாமரை இதழ்கள் சுவரில் மிதக்கின்றன. மணிகள் ஒலிப்பதில்லை. எந்த மணியை அசைத்தாலும் அடுக்கு சரிந்துவிடும் என்ற எச்சரிக்கையோடுதான் நாம் அருகில் நிற்கிறோம். அந்த எச்சரிக்கை நம்மை அறியாமலே நடையையும் மூச்சையும் மெதுவாக்கிவிடுகிறது. புத்தர் எங்கும் இல்லை. தியானத்தின் முதல் படி மட்டும் நமக்குள் நிகழ்ந்துவிடுகிறது.

மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபின் மொந்தியனின் கலை மருத்துவத்தை நோக்கித் திரும்பியது. 1994இல் மனைவி இறந்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் உருவான படைப்புகளில் ‘ஆரோக்கியசாலை’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன், மருத்துவ புத்தரான பைஷஜ்யகுருவின் காவலில் நாடெங்கும் 102 மருத்துவமனைகளை அமைத்ததை அங்கோரிலுள்ள தா புரோம் கல்வெட்டு குறிப்பிடுகிறது. அவற்றுள் சிலவற்றின் இடிபாடுகள் இன்றைய தாய்லாந்தின் வடகிழக்கில் நிற்கின்றன. மொந்தியன் அந்த நினைவை எடுத்துக்கொண்டு, துளையிட்ட உலோகப் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கி, அவற்றுக்குள் மூலிகையை வைத்து, நுரையீரல் வடிவங்களை உயரத்திலிருந்து தொங்கவிட்டார். அதற்குள் போய் நின்று மூச்சிழுப்பதுதான் பார்வையாளருக்குரிய வேலை. மூச்சைக் கவனித்தல் என்ற ஆனாபானசதி தேரவாதத் தியானத்தின் அடிப்படைப் பயிற்சி. புத்ததாசர் தன் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியதும் அதுவே. அந்தப் பயிற்சியைப் பற்றிப் படம் வரைவதைவிட, கலைக்கூடத்துக்குள் வந்த ஒருவரை அவர் அறியாமலே அதைச் செய்ய வைப்பது கடினமான காரியம். கண்ணை நம்பியிருந்த சிற்பக் கலையை மூக்கின் வழியாக நிகழ்த்திக்காட்டியதே மொந்தியனின் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். நோயுற்ற உடலின் அருகே நெடுநேரம் இருந்த ஒருவருக்குத்தான் அது தோன்றியிருக்கும்.

1997இல் நியூயார்க்கில் வைத்த ‘நம்பிக்கையின் வீடு’ மூலிகை உருண்டைகளைக் கோத்த எண்ணற்ற சரங்களால் ஆனது. சுற்றுச்சுவர்களிலும் மூலிகைக் குழம்பே பூசப்பட்டிருந்தது. 1998ஆம் ஆண்டின் ‘உருகும் வெறுமை’ இன்னும் ஒரு படி தாண்டிச் சென்றது. புத்தரின் தலையை வார்க்கும் அச்சுகள் இரும்புத் தாங்கிகளின் மேல் நிற்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கரடுமுரடான கூடு மட்டுமே தெரியும். குனிந்து அடியிலிருந்து தலையை உள்ளே நீட்டினால், மூலிகை மணத்தின் நடுவே, திருமுகத்தின் குழிந்த மறுபக்கத்தை உள்ளிருந்து காண்கிறோம். வணங்குவதற்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய வெற்றிடத்தில் நம் தலை இருக்கிறது. நிலையான ‘நான்’ இல்லை என்ற அனத்தாவையும் வெறுமையையும் பற்றிய தத்துவ விரிவுரை எதுவும் தேவைப்படாத இடம் அது. புற்றுநோய்க்கு ஆளான மொந்தியன் 2000ஆம் ஆண்டு 47 வயதில் காலமானார்; 2003இல் அவருடைய படைப்புகளின் முழுமையான கண்காட்சியை நியூயார்க்கின் ஆசியா சொசைட்டியில் அபினான் போஷ்யானந்தா அமைத்தார்.

ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியன்னாலேயில், 2005இல், தாய்லாந்தின் சார்பில் மொந்தியனின் படைப்புகளோடு இடம்பெற்றவர் ஆரயா ராட்சம்ரோன்சுக். சிறுவயதிலேயே தாயை இழந்த இவர், 1990களின் பிற்பகுதியிலிருந்து மருத்துவமனைப் பிணவறையில் காணொளிகளை எடுத்துவந்தார். உரியவர்கள் இல்லாத பிணங்களுக்கு அருகே அமர்ந்து பழைய காதல் காவியத்தை வாசிக்கிறார். ‘வகுப்பு’ (2005) என்ற படைப்பில், வெண்துணி போர்த்திய பிணங்களை மாணவர்களாக வைத்துக்கொண்டு, கரும்பலகை முன் நின்று சாவைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். பதில் வராதபோதும் அக்கறையான ஆசிரியரைப் போலக் காத்திருக்கிறார். மனக்கவனம் பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சுத்தம் சுடுகாட்டுப் பிணத்தின் ஒன்பது நிலைகளைச் சிந்திக்கச் சொல்கிறது. தாய்லாந்துப் பிக்குகள் பிணக்கூறாய்வைக் காணச் செல்வது இன்றும் வழக்கத்தில் உள்ள அசுபப் பயிற்சி, அதாவது உடலின் அருவருப்பைச் சிந்திக்கும் பயிற்சி. ஆரயாவை அந்த மரபின் நேரடி வாரிசு என்று சொல்லிவிடுவது வசதியானது, ஆனால் சரியல்ல. பெண்ணுடல் அருவருப்பானது, ஆகவே பற்றை விடு என்பதே அசுபப் பயிற்சியில் பலசமயம் பிக்குவுக்குச் சொல்லப்படும் பாடம். ஆரயாவோ பிணத்தைப் பாடப்பொருளாக்காமல், அதனோடு பேச முற்படுகிறார். மரபின் சொற்களை எடுத்துக்கொண்டு அதன் முடிவை மாற்றி எழுதியிருக்கிறார் என்பதுதான் பொருத்தம்.

அவருடைய நகைச்சுவை பலருக்கும் தெரிவதில்லை. 2011இல் எடுத்த ஒரு காணொளியில், கிராம விகாரையின் மண்டபத்தில் பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்தெமீசியா ஜெந்திலெஸ்கியின் புகழ்பெற்ற ஓவியத்தின் பிரதியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். விவிலியக் கதையில் வரும் யூதித்து என்ற பெண், பகைப் படைத்தலைவன் ஓலோபெர்னஸின் கழுத்தை அறுக்கும் காட்சி அது. ஒரு பிக்கு அதைச் சுட்டிக்காட்டிக் கொல்லாமை முதலிய ஐந்து நெறிகளான பஞ்சசீலத்தை விளக்க, ஊர்மக்கள் தங்கள் அபிப்பிராயங்களைச் சொல்கிறார்கள். ஐரோப்பியக் கலை வரலாறு அங்கே ஒரு ஜாதகக் கதையின் நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த இடமாற்றத்தில் யார் கேலிக்குள்ளாகிறார்கள் என்பதைக் காணொளி முடிவு செய்வதில்லை.

பௌத்தமும் பணமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் வேலை செய்தவர்களையும் குறிப்பிட வேண்டும். கமின் லெர்ட்சாய்பிரசெர்ட், தாய்லாந்து மைய வங்கி புழக்கத்திலிருந்து நீக்கித் துண்டாக்கிய பணத்தாள்களைக் கூழாக்கி, அமர்ந்திருக்கும் சிறு உருவங்களை நூற்றுக்கணக்கில் செய்தார். அந்நாள்வரை எதையும் வாங்கவல்லதாயிருந்த தாள், இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறது. தம்மத்தைக் காண்பவனே என்னைக் காண்கிறான் என்று, புத்தரின் உடலழகில் மயங்கியிருந்த வக்கலி என்ற பிக்குவிடம் புத்தரே சொன்ன வாக்கை மற்றொரு படைப்பின் தலைப்பாகவே கமின் வைத்தார். 1998இல் சக கலைஞர் ரிர்க்ரித் திரவனிஜாவோடு சேர்ந்து சியாங் மாய் அருகே அவர் தொடங்கிய ‘நிலம்’ என்ற களத்தில் நெல் விளைகிறது. கலைஞர்கள் குடில் கட்டித் தங்குகிறார்கள். துணியிலும் தையலிலும் வேலை செய்யும் ஜக்காய் சிரிபுத், 2010இல் நியூயார்க்கில் நடத்திய கண்காட்சிக்குக் கர்மத்தை விற்கும் மொத்த விற்பனைக் கடையின் பெயரைச் சூட்டி, தாயத்தும் தானமும் வணிகமாகிவிட்ட வழக்கத்தைக் குத்திக்காட்டினார். 2004இல் தெற்கே தக் பாயில் இராணுவ வண்டிகளில் அடுக்கப்பட்டு மூச்சுத்திணறி இறந்த 78 முஸ்லிம்களை நினைவுகூரும் படைப்பையும் பின்னர் அவரே செய்தார். பௌத்தத்தைத் தேச அடையாளமாக்கிய அரசில் கருணை யாருக்கெல்லாம் எட்டுகிறது என்று ஒரு பௌத்தர் கேட்கும்போது அக்கேள்விக்குக் கனம் கூடுகிறது.

பெண்களுக்கு இந்த மரபில் உள்ள இடமும் கலையில் பேசப்பட்டிருக்கிறது. வடதாய்லாந்தின் பல தூபிகளின் உள்வளாகத்துக்குள் பெண்கள் நுழையக் கூடாது. பெண்களைத் துறவியாக்கக் கூடாது என்ற 1928ஆம் ஆண்டுச் சங்க ஆணையும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்துவந்தது. பினாரி சன்பிதக் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் வடிவம் ஒரே நேரத்தில் முலையாகவும் தூபியாகவும் தோன்றுவது. வெறும் உருவ ஒப்புமையாக நின்றிருக்கக்கூடிய அதை, அந்த வடிவ அச்சுகளில் சமைத்துப் பரிமாறும் விருந்துகளாகவும் அவர் விரித்திருக்கிறார். பாப்தவான் சுவன்னகுட், விகாரைச் சுவரோவியரான தன் தந்தை 1982இல் இறந்தபின் அவருடைய குழுவைத் தலைமையேற்று நடத்தினார். ஆண்களுக்கே உரியதாயிருந்த சாரத்தின் மீது ஏறி நின்று ஒரு பெண் கட்டளையிட்ட அந்த ஆண்டுகள், 1996இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபின் அவர் செய்த படைப்புகளிலும் ஊடாடுகின்றன.

2018இல் தொடங்கிய பாங்காக் கலை பியன்னாலே, வாட் போ, வாட் அருண் போன்ற பெரும் விகாரைகளையே காட்சியிடமாகக் கொண்டது. சமகாலக் கலை விகாரைக்குத் திரும்பிவிட்டது என்று கொண்டாடினார்கள். 1992இலேயே சியாங் மாய்க் கலைஞர்கள் விகாரைகளிலும் இடுகாடுகளிலும் தெருக்களிலும் தம் படைப்புகளை வைத்துவிட்டார்கள் என்பதால் இதைத் தலைநகரும் பெருமுதலும் தாமதமாக எட்டிப்பிடித்த செய்தியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மறு ஆண்டே, 2019 செப்டம்பரில், நகோன் ராட்சசிமாவின் வணிக வளாகமொன்றில் ஒரு கல்லூரி மாணவி புத்தரை ஜப்பானியத் தொலைக்காட்சி வீரரான அல்ட்ராமேனின் உடையில் காட்டும் நான்கு ஓவியங்களை வைத்தார். உலகைக் காக்கும் வீரர் என்ற பொருளில்தான் வரைந்ததாக அவர் சொன்னார். படங்கள் அகற்றப்பட்டன, மூத்த பிக்குவின் முன் அழுதபடி அவர் மன்னிப்புக் கேட்டார், தீவிர பௌத்தக் குழுவொன்று காவல்துறையிடம் புகாரளித்தது. சமயச் சின்னங்களை இழிவுபடுத்துவோருக்கு 1 முதல் 7 ஆண்டுவரை சிறை விதிக்கும் குற்றவியல் சட்டத்தின் 206ஆம் பிரிவு இத்தகைய புகார்களுக்குப் பின்னால் எப்போதும் நிற்கிறது. எதிர்ப்புக்கு எதிர்ப்பும் கிளம்பி, அவற்றுள் ஓர் ஓவியம் 6 லட்சம் பாட்டுக்கு ஏலம் போனது. சூப்பர்மேனைத் தாங்கும் வாட் ரோங் குன் சுவரும் அல்ட்ராமேனைத் தாங்கிய மாணவியின் திரையும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இருந்தன. வேறுபாட்டுக்கு ஒரு காரணம் படத்திலேயே உண்டு: சலேர்ம்சாயின் சூப்பர்மேன் மாரனின் உலகில் நிற்கிறார், மாணவியின் அல்ட்ராமேனுக்கோ புத்தரின் தலை இருக்கிறது. மற்றொரு காரணம் படத்துக்கு வெளியே உள்ளது. ஒருவர் 2011ஆம் ஆண்டின் தேசியக் கலைஞர், தான் எழுப்பிய கோயிலுக்குள் வரைபவர். மற்றவருக்குப் பட்டமும் இல்லை, கோயிலும் இல்லை.